குதிரையின் இமைக்கட்டியை அறுத்து அகற்றுதல்: கீறலுக்கு முன்னும் பின்னும்

குதிரையின் இமையில் தோன்றும் கட்டி தொடக்கத்தில் ஒரு பருவைப்போலவோ, ஈ மொய்த்து ஆறாமல் போன சிறு புண்ணைப்போலவோதான் இருக்கும். லாயத்தில் யாரேனும் ஒரு களிம்பைத் தடவுவார்கள். சற்று வற்றியதுபோலத் தெரியும். இரண்டு மூன்று மாதங்கள் கழியும். அதற்குள் இமையின் கால்பங்கில் இருந்த கட்டி பாதியைப் பிடித்துவிட்டால், ஒரு மணி நேரத்தில் நேரடித் தையலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கன்னத்துத் தோலை நகர்த்தி இமையையே புதிதாகக் கட்டியெழுப்பும் வேலையாக மாறிவிடுகிறது. ஆகவே இமையில் ஒரு புண் நான்கு வாரங்களில் ஆறவில்லை என்றால் அதைக் கட்டி என்றே கருதிப் பரிசோதிக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வழிகாட்டி நாய், மாடு ஆகியவற்றின் கண்களில் அறுவை செய்து பழகி, குதிரையின் இமையை முதன்முறையாக எதிர்கொள்ளும் கால்நடை மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது. குதிரை வளர்ப்போர் இதைப் படித்தால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது விளங்கும். ஆனால் இதில் உள்ள எதையும் அவர்கள் தாமே செய்துபார்க்கக் கூடாது. நெடுக எடுத்துக்காட்டாக நான் மனத்தில் வைத்திருப்பது, நிறமியற்ற இளஞ்சிவப்பு இமை கொண்ட ஒரு குதிரையின் கீழ் இமையில் வளர்ந்த ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்னும் புற்றாகும். மற்றக் கட்டிகள் அதிலிருந்து வேறுபடும் இடங்களில் அவற்றையும் சொல்கிறேன்.

கட்டி எது என்று அறிதல்

குதிரையின் கண்ணைச் சுற்றி அதிகம் காணப்படுபவை ஸ்குவாமஸ் செல் கார்சினோமாவும் சார்காய்டு என்னும் தோல்கட்டியும் ஆகும். வெண்சாம்பல் நிறக் குதிரைகளில் மெலனோமா என்னும் நிறமிக் கட்டியும் வரும்.

ஸ்குவாமஸ் செல் கார்சினோமா பெரும்பாலும் வெயிலின் புறஊதாக் கதிர் விழும், நிறமி இல்லாத இமை விளிம்பில் தொடங்குகிறது. அப்பலூசா, பெயின்ட் ஆகிய இனங்களிலும், முகத்தில் அகன்ற வெள்ளை கொண்ட பார வண்டிக் குதிரைகளிலும் இது மிகுதி. டைரோல் மலைப்பகுதியில் தோன்றிய ஹாஃப்லிங்கர் இனத்தில், புறஊதாக் கதிரால் சேதமடைந்த டிஎன்ஏவைச் சீர்செய்யும் பணியில் பங்குகொள்ளும் டிடிபி2 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் இந்த நோய்க்கு வழிவகுக்கிறது என்பது 2017-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அதே மாற்றம் பின்னர் பெல்ஜியன் இனத்திலும் கண்டறியப்பட்டது. அந்த இனங்களில் புற்று பெரும்பாலும் கருவிழியின் ஓரத்தில் எழுகிறது என்பதால், இமையில் கட்டியோடு வரும் குதிரையின் இரு கண்களையும், உள்மூலையில் உள்ள மூன்றாம் இமை என்னும் படலத்தின் பின்புறம் உட்பட, முழுமையாகப் பார்த்தே ஆக வேண்டும். பஞ்சாபில் விரும்பி வளர்க்கப்படும் நுக்ரா குதிரைகளுக்கும் வெள்ளை உரோமத்தின் கீழ் இளஞ்சிவப்புத் தோலே இருப்பதால், நம் நாட்டு வெயிலில் இதே விழிப்பு அவற்றுக்கும் தேவை.

சார்காய்டின் இயல்பு வேறு. மாடுகளுக்கு மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் 1, 2 ஆம் வகைகளோடு தொடர்புடைய இக்கட்டி மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. ஆனால் அரைகுறையாகத் தொட்டால் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பி வளரும். சார்காய்டு என்று ஐயம் எழுந்தால், முடிவு வந்தவுடன் முழுச் சிகிச்சையைத் தொடங்கும் ஏற்பாடு இல்லாத நிலையில் பயாப்ஸி (சோதனைக்கான திசு மாதிரி) எடுக்கக் கூடாது. ஸ்குவாமஸ் என்று ஐயப்படும் புண்ணிலோ, பயாப்ஸியைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

வெப்ப நாடுகளில் இன்னொரு குழப்பம் உண்டு. ஹப்ரோனீமா என்ற புழுவின் இளம்புழுக்களை ஈக்கள் கண்ணின் ஈரத்தில் விட்டுச்செல்வதால் உண்டாகும் கோடைப்புண், சிவந்து, சதை பிதுங்கி, புற்றைப் போலவே தோன்றும். அதில் மஞ்சள் நிறக் குறுமணிகள் தென்படும். புழுக்கொல்லி மருந்தான ஐவர்மெக்டின் கொடுத்து, வீக்கத்தைக் குறைத்தால் அடங்கும். புற்றின் மேலேயே ஹப்ரோனீமா குடியேறுவதும் நடப்பதால், ஐவர்மெக்டினுக்குப் பாதி அடங்கிய புண்ணை ஆறிவிட்டது என்று விட்டுவிடாமல் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

புற்று உறுதியானால், கீழ்த்தாடையின் இடையில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் காதடிச் சுரப்பிப் பகுதியையும் விரலால் தடவிப் பார்த்து, பெருத்திருந்தால் நுண்ணூசியால் உறிஞ்சிச் சோதிக்க வேண்டும். கண்குழியின் எலும்பு விளிம்பின் மேல் கட்டி நகர்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியமானது. நகராமல் ஒட்டியிருந்தால் எலும்பையோ கண்குழியின் உட்புறத்தையோ அது பற்றியிருக்கக்கூடும். அத்தகைய கட்டியை ஊடுகதிர்ப் படமோ சிடி ஸ்கேனோ எடுக்காமல் கீறத் தொடங்கக் கூடாது.

கீறுவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியவை

இமை இருப்பது கருவிழியைக் காப்பதற்காக. குதிரையின் விழி பெரியது, பக்கவாட்டில் புடைத்திருப்பது. கண் சிமிட்டும்போது கண்ணீரைக் கருவிழி முழுவதும் பரப்பும் வேலையில் பெரும்பங்கு மேல் இமையினுடையது. ஆகவே கீழ் இமையில் சிறிது இழப்பைக் குதிரை தாங்கிக்கொள்ளும். மேல் இமையில் அதே அளவு இழப்பும், விளிம்பில் ஒரு சிறு படியும், உள்நோக்கித் திரும்பிய சில மயிர்களும் கருவிழியில் தீராத புண்ணை உண்டாக்கிவிடும்.

இங்கேதான் குதிரையின் இமை மருத்துவரை இக்கட்டில் நிறுத்துகிறது. புற்றை எடுக்கும்போது நலமான திசுவையும் அகலமாகச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது பொதுவிதி. உடலின் வேறிடத்தில் ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ தாராளமாக எடுக்கலாம். இமையில் அவ்வளவு எடுத்தால் மூட ஒன்றும் மிஞ்சாது. குதிரையின் முகத்தோல் அடியில் உள்ள எலும்போடு இறுக்கமாக ஒட்டியிருப்பதால், நாயின் தளர்ந்த தோலில் எளிதாகச் செய்யும் நகர்த்தல்கள் இங்கே பாதிகூட வராது. நடைமுறையில் இமையில் சில மில்லிமீட்டர் ஓரமே கிடைக்கிறது. மிச்சத்தை உறையவைத்தல், மருந்து ஊசி, கதிர்வீச்சு போன்ற துணைச் சிகிச்சையால் ஈடுசெய்தாக வேண்டும். அந்தத் துணைச் சிகிச்சை எது, அதற்கான மருந்தோ கருவியோ கையில் இருக்கிறதா என்பதைக் கீறலுக்கு முந்தைய நாளே முடிவு செய்திருக்க வேண்டும். முதல் அறுவைக்குப் பின் திரும்பி வளரும் கட்டிக்கு எல்லைகள் மங்கலாக இருக்கும்; சுற்றிலும் வடு இறுகியிருக்கும்; நகர்த்துவதற்குத் தோலும் குறைந்திருக்கும். முதல் அறுவையே சிறந்த வாய்ப்பு என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

அளவைப் பொறுத்தவரை நினைவில் கொள்ள வேண்டிய கணக்கு எளியது. ஓரத்தையும் சேர்த்து அகற்றப்படும் பகுதி இமை நீளத்தில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நேரடியாகத் தைத்து மூடலாம். அதற்கு மேல் போனால் தோலை நகர்த்த வேண்டும். அறுவைக்கு முன்பே, மரப்பூசி போட்டு இமை வீங்குவதற்கும் முன்பே, இரு விளிம்புகளையும் விரல்களால் சேர்த்துப் பிடித்து எவ்வளவு இழுவை விழுகிறது என்று பார்த்து, மலட்டு மைப்பேனாவால் எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிற்கும் நிலையிலா, படுக்க வைத்தா

சிறிய இமைக்கட்டிகளையும் மூன்றாம் இமையின் கட்டிகளையும் குதிரையை நிற்க வைத்தே எடுக்க முடியும். முழு மயக்கம் குதிரைக்கு ஆபத்துக் குறைந்த ஒன்றன்று. நலமான குதிரைகளிலும் மயக்கத்தோடு தொடர்புடைய மரணம் நூற்றில் ஒன்று என்ற அளவை ஒட்டிப் பதிவாகியிருக்கிறது. எழும்போது கால் முறிவதும் உண்டு. ஆயினும் தோல் நகர்த்தும் நுண்ணிய வேலையை, அசையும் தலையில் அவசரமாகச் செய்து கெடுப்பதைவிட முழு மயக்கமே மேல் என்பது என் கருத்து.

நிற்கும் நிலைக்கு, குதிரையைத் தணிக்கும் மருந்தான டெடோமிடின், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 முதல் 0.02 மில்லிகிராம், இரத்தக்குழாயில் கொடுத்து, அதனோடு வலி தணிக்கும் பியூட்டார்ஃபனால் 0.01 முதல் 0.02 மில்லிகிராம் சேர்ப்பது நன்கு உதவும். டெடோமிடின் இல்லாத இடத்தில் சைலசின் 0.5 முதல் 1 மில்லிகிராம் பயன்படும். தலையை மெத்தையிட்ட தாங்கியில் வைத்து, குதிரையின் மனம் அறிந்த ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும்.

இமையை அசைக்கும் நரம்பைக் கன்ன எலும்பு வளைவின் மிக உயர்ந்த இடத்தில், தோலின் அடியில் நூல்போல விரலுக்கு உருளும் இடத்தில், 2 முதல் 3 மில்லிலிட்டர் லிடோகெயின் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தி அடக்கலாம். இது அசைவை நிறுத்துமே தவிர வலியை நிறுத்தாது. இந்த வேறுபாட்டை மறந்து கீறியவர்களின் குதிரை அடுத்த முறை ஊசியைக் கண்டாலே தலையை உயர்த்திவிடும். மேல் இமையின் நடுப்பகுதி உணர்விழக்க, கண்குழிக்கு மேலுள்ள எலும்பில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு துளையின் மேல் ஊசி போட வேண்டும். கீழ் இமைக்குக் கண்குழி விளிம்பை ஒட்டி வரிசையாகத் தோலடியில் செலுத்துவது போதும். ஊசி எக்காரணம் கொண்டும் கட்டியின் ஊடாகச் செல்லக் கூடாது. புற்றணுக்களை நாமே அடுத்த திசுவுக்குக் கொண்டுசென்றவர்களாவோம்.

உரோமத்தைக் கவனமாக வெட்டி, கண்ணுக்குள் விழாமல் களிம்பில் ஒட்டவைத்து எடுக்க வேண்டும். தூய்மை செய்ய, போவிடோன் அயோடின் கரைசலை மலட்டு உப்புநீரில் ஒன்றுக்கு ஐம்பது என்று நீர்த்துப் பயன்படுத்த வேண்டும். சோப்புக் கலந்த அயோடின், ஆல்கஹால், குளோர்ஹெக்சிடின் ஆகிய மூன்றும் கருவிழியைக் கருக்கிவிடும். அறுவை மேசையின் அருகிலேயே அவற்றை வைக்காமல் இருப்பது நல்லது.

நேரடியாகத் தைத்து மூடும் முறை

ஆங்கில வி எழுத்தைப்போல வெட்டுவதைவிட, குழந்தைகள் வரையும் வீட்டின் வடிவில் ஐங்கோணமாக வெட்டுவதையே நான் விரும்புகிறேன். விளிம்பிலிருந்து இரு கீறல்களும் செங்குத்தாகச் சில மில்லிமீட்டர் இறங்கி, அதன் பிறகே ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து கூடினால், தைக்கும்போது இரு விளிம்புகளும் சம உயரத்தில் நேருக்கு நேர் சந்திக்கும். வி வடிவத்தில் விளிம்பு சற்றே உள்வாங்கிப் பள்ளம் விழ வாய்ப்பு அதிகம்.

இமைக்கும் விழிக்கும் இடையே விழியைக் காக்கும் தட்டையான கருவி ஒன்றைச் செருகி, அதன் மேல் இமையை இழுத்து விரித்துக்கொண்டு, தோலைப் 15ஆம் எண் கத்தியால் குறித்த கோட்டில் கீற வேண்டும். உள்ளே உள்ள தசையையும் இமை உட்படலத்தையும் கத்தரிக்கோலால் வெட்டுவது பாதுகாப்பானது. இரத்தம் நிறையவே வரும். இமைக்கு இரத்தஓட்டம் செழிப்பானது என்பதால்தான் அது நன்றாக ஆறவும் செய்கிறது. பஞ்சை வைத்து ஓரிரு நிமிடம் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். சுடுகருவியால் ஓரங்களைப் பொசுக்கினால் ஆறுவதும் கெடும், ஓரத்தை ஆராய வேண்டிய திசுவியலாளரின் வேலையும் கெடும்.

எடுத்த திசுவின் ஒரு முனையில் தையல் நூலால் அடையாளம் இட்டு, ஓரங்களுக்கு மை தடவி, பத்து விழுக்காட்டு ஃபார்மலினில் போட வேண்டும். அதன்பின் கையுறையையும் கருவிகளையும் மாற்றிவிட வேண்டும். நேரம் வீணாவதாகத் தோன்றினாலும், கட்டியை வெட்டிய கத்தரிக்கோலால் நலமான தோலைப் பிரித்தெடுப்பது நான் எந்நாளும் ஏற்காத ஒன்று.

மூடுதல் இரண்டு அடுக்காக நடக்க வேண்டும். முதலில் உள் அடுக்கு: 5-0 அல்லது 6-0 பருமனுள்ள, கரையக்கூடிய பாலிகிளாக்டின் நூலால், இமைக்குள் இருக்கும் கெட்டியான இழைத்தட்டைப் பற்றித் தைக்க வேண்டும். ஊசி உட்படலத்தைத் துளைத்து விழியின் பக்கம் வெளிவரக் கூடாது. முடிச்சு திசுவுக்குள் புதைந்திருக்க வேண்டும். கருவிழியில் உரசும் ஒரு முடிச்சு, கட்டி செய்யாத கெடுதலை ஒரே வாரத்தில் செய்துவிடும். அடுத்து, தோல் அடுக்கின் முதல் தையல் இமை விளிம்பில் எட்டு வடிவத் தையலாக அமைய வேண்டும். விளிம்பின் இரு பக்கமும் சிறிதும் ஏற்ற இறக்கமின்றிப் பொருந்தும்வரை அதை அவிழ்த்துப் போட்டுக்கொண்டே இருக்கலாம். இதில் செலவாகும் நேரமே இந்த அறுவையில் மிகப் பயனுள்ள நேரம். அதன் நூல்முனைகளைச் சற்று நீளமாக விட்டு, கீழேயுள்ள தையல்களின் முடிச்சில் சேர்த்துக் கட்டிவிட்டால் அவை கண்ணைக் குத்தா. எஞ்சிய தோலை 4-0 அல்லது 5-0 நூலால் தனித்தனித் தையல்களாக மூடலாம்.

தோலை நகர்த்தி மூடும் முறை

நம் எடுத்துக்காட்டில் கீழ் இமையின் பாதியைக் கட்டி பிடித்திருப்பதாகக் கொள்வோம். கட்டியைச் செவ்வகமாக எடுத்தபின், அதன் கீழ் மூலைகள் இரண்டிலிருந்தும் கன்னத்தை நோக்கி, சற்றே விலகிச் செல்லும் இரு கீறல்களைச் செவ்வகத்தின் உயரத்தைப்போல இருமடங்கு நீளத்துக்கு இட வேண்டும். ஒவ்வொரு கீறலின் அடிமுனையிலும் வெளிப்புறமாக ஒரு முக்கோணத் தோலை, அதன் பக்கம் செவ்வகத்தின் உயரத்துக்குச் சமமாக இருக்குமாறு, வெட்டி எடுக்க வேண்டும். இடையில் உள்ள தோலை அடியிலிருந்து பிரித்து மேலே நகர்த்தும்போது அந்த முக்கோணங்கள் மூடிக்கொள்ளும். தோல் சுருங்கி மடிப்பாகத் திரளாமல் இருப்பது அவற்றால்தான்.

நகர்த்திய தோலை இமை விளிம்பின் மட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் அளவு உயர்த்தித் தைக்க வேண்டும். வடு சுருங்கும்போது அது சரியான இடத்துக்கு இறங்கிவிடும். அதன் உட்புறம் வெறும் பச்சைத் தசையாக விடப்பட்டால் ஒட்டுதலும் உரோம உரசலும் நேரும் என்பதால், இமையின் ஆழ்மடிப்பிலிருந்து உட்படலத்தைத் தளர்த்தி இழுத்துவந்து புதிய விளிம்போடு தைக்க வேண்டும். அது போதாதபோது மூன்றாம் இமையின் முன்புறப் படலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் மூன்றாம் இமையிலும் புற்று இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே.

மூன்றாம் இமையும் உள்மூலையும்

மூன்றாம் இமையில் புற்று இருந்தால் நுனியை மட்டும் நறுக்குவதை விட்டு, குருத்தெலும்போடு முழுவதையும் எடுப்பதே முறை. மரக்கச் செய்தபின் அடிப்பகுதியில், குருத்தெலும்புக்கும் கீழே, இரு வளைந்த கவ்விகளை ஒன்றையொன்று சந்திக்குமாறு போட்டு, சில நிமிடம் பொறுத்து, அவற்றை ஒட்டிக் கத்தரிக்க வேண்டும். பிறகு படலத்தின் விளிம்புகளைக் கரையும் நூலால் மூடாவிட்டால் கண்குழிக் கொழுப்பு வெளியே பிதுங்கும்.

உள்மூலையில் கண்ணீர் வடியும் இரு சிறு துளைகளும் அருகில் இருப்பதால், கீறுமுன் அவற்றுள் மெல்லிய குழாயைச் செலுத்தி வைத்தால் கண்ணீர்ப்பாதையை வெட்டிவிடாமல் காக்கலாம். அங்கே நகர்த்துவதற்குத் தோல் மிகக் குறைவு. பெரிய புண்ணை வலிந்து இழுத்துத் தைத்து இமையைக் கோணலாக்குவதைவிட, திறந்தே விட்டு அடியிலிருந்து தானாக ஆறவிடுவது பல நேரங்களில் வியக்கத்தக்க அளவு நன்றாக அமைகிறது.

கத்தியோடு முடியாத வேலை

துணைச் சிகிச்சைகளில் திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் முறை எளிதில் கிடைப்பது. கட்டியை எடுத்த படுகையை விரைவாக உறைய வைத்து, மெதுவாக இளக விட்டு, மீண்டும் ஒருமுறை உறைய வைக்க வேண்டும். திசுவின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 25 பாகை வரை இறங்க வேண்டும். அதை ஊசி வெப்பமானியால் அளப்பது நல்லது, கண்ணளவில் மதிப்பிடுவது ஏமாற்றும். விழியைத் தெர்மோகோல் துண்டால் மறைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் இமை பெரிதாக வீங்கும். பின்னர் அவ்விடத்தில் உரோமம் வெள்ளையாக முளைக்கும், தோல் நிறமிழக்கும். இவை இரண்டையும் உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினைக் கட்டிப் படுகையில் ஊசியாகச் செலுத்துவது, ஸ்குவாமஸ், சார்காய்டு இரண்டுக்குமே பயன்படுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் திசுவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில், இரண்டு வார இடைவெளியில் நான்கு முறை தருவது வழக்கம். மருந்து உடனே கரைந்து போகாமல் அங்கேயே தங்குவதற்காக அதை மருத்துவத் தரத்தில் சுத்திகரித்த எள்ளெண்ணெயில் குழம்பாக்குகிறார்கள். சமையலறை நல்லெண்ணெய் இதற்கு ஆகாது. செலுத்துபவருக்கே தீங்கு செய்யும் மருந்து இது. கையுறை, கண்ணாடி, முகமூடி இன்றித் தொடக் கூடாது. கருவுற்றவர்கள் அந்த லாயத்துக்குள்ளேயே வரக் கூடாது.

மெல்லிய மேற்பரப்புப் புற்றுக்கு ஸ்ட்ரான்சியம் 90 கதிர்வீச்சு சிறந்தது. அது இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் பயனளிக்காது என்பதால் பருமனைக் கத்தியால் குறைத்த பிறகே வைக்க வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற மையம் தேவை. கண்ணைச் சுற்றிய சார்காய்டுகளுக்கு, நம் குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பாகப் போடப்படும் பிசிஜியைக் கட்டிக்குள் செலுத்தும் முறையும் நெடுநாளாக உண்டு. இரண்டாம், மூன்றாம் ஊசிகளின்போது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை எழக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் அழற்சியையும் வலியையும் குறைக்கும் ஃப்ளூனிக்சினும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் முன்கூட்டியே கொடுத்து, அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும்.

அறுவைக்குப் பின்

ஃப்ளூனிக்சின் ஒரு கிலோவுக்கு 1.1 மில்லிகிராம், சில நாட்களுக்கு. இரணஜன்னித் தடுப்பூசி நடப்பில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்துப்போன இமை முதல் சில மணி நேரம் மூடாது. அந்த நேரம் முழுவதும் செயற்கைக் கண்ணீர்க் களிம்பு இட வேண்டும்.

தையல் பிரிவதற்குப் பெருங்காரணம் உரசல். இமை ஆறத் தொடங்கும்போது அரிக்கும்; குதிரை முன்னங்காலிலோ, தொட்டியின் விளிம்பிலோ, கதவிலோ கண்ணைத் தேய்க்கும். விழிக்குக் கடினக் கிண்ணம் வைத்த முகக்கவசத்தை அணிவித்து, தொட்டியின் கூர்முனைகளைத் துணியால் சுற்றி, வைக்கோல் வலையைத் தலைமட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். முதல் வாரத்தில் நாள்தோறும் கண் பாதி மூடியிருக்கிறதா, நீர் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஃப்ளூரசீன் சாயம் இட்டுக் கருவிழியில் புண் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அச்சோதனைக்கு முன் ஸ்டீராய்டு கலந்த எந்தச் சொட்டு மருந்தையும் கண்ணில் விடக் கூடாது. தையலைப் 10 முதல் 14 நாட்களுக்குள் எடுக்கலாம்.

திசுவியல் அறிக்கையில் ஓரத்தில் புற்று எஞ்சியிருப்பதாக வந்தால், மீண்டும் வளரும்வரை காத்திருக்கக் கூடாது. காயம் ஆறியதும் மறு அறுவையோ துணைச் சிகிச்சையின் அடுத்த சுற்றோ தொடங்க வேண்டும். கண்குழிக்குள் புற்று நுழைந்துவிட்ட குதிரைக்கு, கண்ணையும் இமைகளையும் குழியின் திசுக்களோடு முழுவதுமாக அகற்றுவதே வலியை நிறுத்தும் வழியாகலாம். உரிமையாளர்கள் இதற்கு அஞ்சுவார்கள். ஆனால் நாளும் வலிக்கும் கண்ணைக் காட்டிலும் ஒற்றைக் கண்ணோடு குதிரைகள் மிக அமைதியாக வாழ்கின்றன.

முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மருத்துவர் பார்க்க வேண்டும். இடையில் லாயத்தில் செய்யக்கூடியதும் உண்டு. வெயில் நேரத்தில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் ஈ வலை முகமூடி இன்றி வெளியே விடாமல், மேய்ச்சலை அதிகாலைக்கும் மாலைக்கும் மாற்றிக்கொள்ளலாம். மாதத்தின் முதல் நாளில், ஒரே இடத்தில் குதிரையை நிறுத்தி, இமையின் அருகே ஓர் அளவுகோலைப் பிடித்து, இரு கண்களையும் கைபேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வடுவின் ஓரத்தில் அரிசி மணியளவு தடிப்பு புதிதாகத் தெரிந்தாலும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அந்த வாரமே அழைக்கச் சொல்லுங்கள்.